மச்சத்தைப் பார்த்தவன் யார்?

கம்பியைக் காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள்.

சிறைக்கூடத்து முற்றத்தில் கரி அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. காவலாளி ஒருவன் ஒரு கையால் துருத்தியை அமுக்கிக்கொண்டே மறு கையில் தர்பூசணிக் கீற்றைக் கடித்துக்கொண்டிருந்தான். கெய்வான் பேக் அதைப் பார்க்காதவன்போல் நடந்தான். பின்னால் வந்த மாபாராவால் அப்படி நடக்க முடியவில்லை.

"பேக், அது கபாப் போடுறதுக்கு இல்லையே?"

"இல்ல."

"அப்ப கொஞ்சம் வேகமா நடங்க."

ஷிராஸ் நகரத்து ஆளுநர் சொராப் கான், பாரசீக மன்னர் ஷாவுக்குப் பரிசாக அனுப்ப ஒரு புத்தகம் தயாரித்திருந்தார். எப்போதோ வாழ்ந்த ஒரு தர்வேஷ் துறவி பாடிய காதல் கவிதைகள். காதலி என்று அவர் உருகுவதெல்லாம் கடவுளை நினைத்துத்தான் என்பார்கள் படித்தவர்கள். அதற்குப் பக்கத்துக்குப் பக்கம் படம். அன்று காலை கடைசிப் படத்தைத் திறந்த கான் கல்லாகிப் போனார். மாடத்தில் நின்று கீழே பார்க்கும் காதலியின் இடது கண்ணுக்குக் கீழே, கன்னம் தொடங்கும் இடத்தில், ஒரு மச்சம். கானின் இளைய மனைவி தில்ஷாத்துக்கும் அதே இடத்தில்தான் மச்சம். கணவனையும் அந்தப்புரத்துப் பெண்களையும் தவிர அந்த முகத்தை வேறு யாரும் பார்த்ததில்லை. படம் வரைந்தவன் மட்டும் எப்படிப் பார்த்தான்?

கான் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தில்ஷாத்தை அறையில் வைத்துப் பூட்டச் சொன்னார். ஓவியன் யாத்காரை இழுத்துவரச் சொன்னார். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்ததும் அவன் கண்களில் கம்பியை இழுக்க வேண்டும். அதற்குள், அவனுக்கு அந்தப்புரத்துக் கதவைத் திறந்துவிட்டது யார் என்று நகரக் காவல் தலைவர் கொத்தவாலின் ஆள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். கொத்தவாலிடம் மூளை உள்ள ஆள் கெய்வான் ஒருவன்தான். தில்ஷாத்தை என்ன செய்யப்போகிறார் என்று மட்டும் கான் சொல்லவில்லை.

கெய்வானின் தலையில் விழும் எந்த வேலையும் பாதி மாபாராவின் தோளில்தான் வந்து இறங்கும். பெண்கள் குளியல் கூடத்தில் முதுகு தேய்ப்பவள் அவள். ஆண்கள் நுழைய முடியாத இடங்களுக்கெல்லாம் அவள்தான் அவனுக்குக் கண். அவனைவிட இளையவள் என்று தெரிந்தும் அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவான். அவளுக்கு அதில் எரிச்சல் வரும் என்பதுதான் காரணம்.

யாத்கார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். விரல் இடுக்குகளில் பச்சையும் நீலமும் அப்படியே ஒட்டிக்கிடந்தன. கழுவ விடாமல் இழுத்து வந்திருக்கிறார்கள்.

"சின்ன பேகத்தை எங்க பார்த்த?" என்றான் கெய்வான்.

"பார்க்கல."

"அப்ப மச்சம்?"

"நான் மச்சமே வைக்கலங்க."

"படத்துல இருக்குதே!"

"கவிதையைப் படிச்சுப் பாருங்க," என்றான் யாத்கார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்:

"அம்முகத்தில் மறுவில்லை, மறுவென்று நான் கண்டது
என் கண்ணின் கருமணி விழுத்திய நிழல்."

வாசலில் நின்ற காவலாளி சிரித்தான். "காலையிலேருந்து இதே பாட்டுதான் பேக். காதல் முத்திப்போச்சு. எதைக் கேட்டாலும் கவிதை!"

வெளியே வந்ததும் மாபாரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கண்ணு போகப்போற நேரத்துல கவிதையா? எங்க வீட்டுக்காரர் உயிர் போற நேரத்துலகூட புளிச்ச தயிர் இருக்கான்னுதான் கேட்டாரு."

"அவன் பாட்டுப் பாடலக்கா. சாட்சி சொல்றான். கடைசிப் படம் இந்தக் கவிதைக்கு வரைஞ்சது. முகத்துல மறுவே இல்லன்னு கவிதை சொல்லுது. அதுக்குப் படம் போடுறவன் மறுவைக் கொண்டுபோய் வைப்பானா?"

மாபாரா நின்றுவிட்டாள். "அப்ப வேற யாரோ..."

"நடந்துக்கிட்டே யோசி."

கானின் நூலகத்துக்குத் தலைவர் மீர்சா லுத்பி. பார்வை மங்கிய கிழவர். படிகக் கல் ஒன்றை எழுத்தின்மேல் வைத்து, மூக்கு அதில் படும்படி குனிந்துதான் படிப்பார். கான் கொடுத்தனுப்பியிருந்த முத்திரை மோதிரத்தைக் கெய்வான் காட்டியதும் புத்தகத்தை எடுத்து வைத்தார்.

"படம் உங்ககிட்ட வந்தப்ப மச்சம் இருந்துச்சா மீர்சா?"

"யாருக்குத் தெரியும்? எல்லாப் படத்துலயும் அதே நிலா முகம். கடுகளவு வாய், வில்லு மாதிரிப் புருவம். அக்கா தங்கச்சின்னு வரிசையா நிக்கிற மாதிரி இருக்கும். நான் எழுத்தைப் பார்க்கிற ஆளு. எழுத்துல ஒரு புள்ளி மாறியிருந்தா தூக்கத்துலகூடச் சொல்லிடுவேன்."

"படத்துல ஒரு புள்ளி மாறியிருக்கே, சொல்லலையே!" என்றாள் மாபாரா.

கிழவர் அவளை முறைத்தார். கெய்வான் இடையில் புகுந்தான். "படம் முடிஞ்சப்புறம் புத்தகம் யார் யார் கைக்குப் போச்சு?"

"எங்கயும் போகல. நேத்து அவங்க பார்க்கணும்னு கேட்டாங்க. பட்டுத்துணியில சுத்திக் குடுத்தனுப்பினேன். காலையில திரும்பி வந்துச்சு. கான் வந்தாரு, திறந்தாரு, கத்தினாரு. அவ்வளவுதான்."

கெய்வான் தலையாட்டிவிட்டுப் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தான். படம் முழுக்க வழவழவென்று மின்னியது. வண்ணம் காய்ந்ததும் கல்லால் தேய்த்து மெருகேற்றியிருந்தார்கள். மச்சம் மட்டும் மெருகு இல்லாமல், மேலே ஒட்டிக்கொண்ட அழுக்குபோல் இருந்தது. படிகக் கல்லை வாங்கி அதன்மேல் வைத்தான்.

"அக்கா, பாரு. மச்சம் எப்படி இருக்கு?"

மாபாரா குனிந்தாள். "கறுப்பா இருக்கு."

"வடிவம்?"

"உருண்டையா இல்லையே! நாலு முனை இருக்கு. குட்டிப் பட்டம் மாதிரி."

"யாத்காரோட தூரிகை பூனை முடியில செஞ்சது. அதால நாலு முனை வைக்க வராது. நாணல் பேனாவை அழுத்தி எடுத்தாத்தான் இப்படி விழும்." கெய்வான் நிமிர்ந்தான். "இதை வச்சது ஓவியன் இல்ல. எழுதுறவன்."

மாபாராவுக்கு ஊர்ச் செய்தி எல்லாம் அத்துப்படி. "இந்தப் புத்தகத்தை அழகெழுத்துல எழுதினது உஸ்தாத் நெஜாத். அவருக்கும் யாத்காருக்கும் போன மாசம் கடைவீதியில அடிதடி ஆகாத குறை. அவர் சம்சாரம் தண்ணித் தொட்டியில காலை வச்சுக்கிட்டு என்கிட்ட அழுதுச்சு."

கெய்வான் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கி, படிகக் கல்லையும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். "ஷாவோட புத்தகம்! ஷாவோட புத்தகம்!" என்று மீர்சா லுத்பி பின்னால் அலறியது கடைவீதி முனைவரை கேட்டது.

உஸ்தாத் நெஜாத் பெருத்த ஆள். கடையில் பிஸ்தா உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த பிஸ்தா கீழே விழுந்தது.

"சண்டை போட்டது வாஸ்தவம். கையை உடைப்பேன்னு சொன்னதும் வாஸ்தவம். கண்ணை எடுப்பேன்னு சொன்னேனா? அவன் கண்ணு போயிடுச்சுன்னா என் எழுத்துக்குப் பக்கத்துல எந்தக் குரங்கு படம் போடும்?"

"புள்ளியைப் பாருங்க உஸ்தாத்."

பார்த்தார். பிறகு தன் பேனாவை மையில் தோய்த்து ஒரு காகிதத்தில் அழுத்தி எடுத்தார். அதுவும் நாலு முனைப் புள்ளிதான். ஆனால் மச்சத்தைவிடப் பல மடங்கு பெரியது.

"இந்தப் பேனாவாலதான் புத்தகம் முழுக்க எழுதினேன். எழுதி முடிச்சுக் குடுத்ததோட என் வேலை தீர்ந்துச்சு. படம் எல்லாம் அதுக்கப்புறம்தான். நான் அதைக் கண்ணால பார்க்கிறதே இப்பத்தான்." மறுபடி குனிந்தார். "இது தூசி எழுத்துப் பேனா. ஒரு தாயத்துக்குள்ள குர்ஆன்ல ஒரு முழு அத்தியாயத்தையே அடக்குவாங்களே, அந்த எழுத்து. இவ்வளவு மெல்லிசா நாணலைச் சீவ இந்த ஊர்ல எனக்குத்தான் தெரியும். அப்புறம்..."

நிறுத்தினார். முகம் சாம்பலாகிவிட்டது.

"அப்புறம்?" என்றான் கெய்வான்.

"வேணாம் பேக். எனக்கு இருக்கிறது ஒரே கழுத்து."

"அங்க ஒருத்தனுக்கு இருக்கிறது ரெண்டே கண்ணு," என்றாள் மாபாரா.

நெஜாத் கடைக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "போன குளிர்காலம் கான் வீட்டுல ஒருத்தருக்குச் சொல்லிக் குடுத்தேன். நடுவுல திரை. காகிதம் திரைக்குக் கீழ வரும், திருத்தி அனுப்புவேன். விரல் நுனியைத் தவிர எதையும் பார்க்கல. குரல்கூடக் கேட்கல. யாருன்னு நான் விசாரிக்கவும் இல்ல. ஆனா அந்தக் கை இருக்கே, பேக், நான் பிச்சை வாங்கணும். அப்படி ஒரு கை."

வெயிலில் இறங்கி நடந்தார்கள். மாபாராவுக்கு மூச்சிரைத்தது, ஆனால் வாய் நிற்கவில்லை.

"பெரிய பேகம்! வேற யாரு? சின்னவ வந்ததுலேருந்து கான் பெரியவ பக்கம் எட்டிப் பார்க்கிறதில்ல. மச்சம் எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியும். ஒரு புள்ளி வச்சா போதும், சின்னவ கதை முடிஞ்சுடும். கத்தி எதுக்கு, விஷம் எதுக்கு!"

"பெரிய பேகத்துக்கு எழுத வருமா?"

"அவங்க முதுகு எனக்கு மனப்பாடம். கையெழுத்தை எங்க பார்த்தேன்?"

அந்தப்புரத்து வாசலில் கெய்வான் நின்றான். அதற்குமேல் அவனுக்கு வழியில்லை. "இனிமே உன் பாடு. ஜாக்கிரதைக்கா. நாம நினைக்கிறது தப்பா இருந்து, கானோட மூத்த சம்சாரத்து மேல பழி போட்டோம்னா, அடுப்புல இன்னும் ரெண்டு கம்பி சொருகுவாங்க."

"தைரியம் சொல்லி அனுப்புறதுக்கு உங்களை மாதிரி ஆளே கிடையாது," என்று சொல்லிவிட்டு மாபாரா தேய்ப்புத் துணி மூட்டையோடு உள்ளே நுழைந்தாள்.

மெஹ்ரி பேகம் திண்டில் சாய்ந்து செர்பத் குடித்துக்கொண்டிருந்தாள். மாபாராவைப் பார்த்ததும் புருவம் ஏறியது.

"உன்னை இன்னிக்கு யாரு வரச் சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. முழங்கால் வலி தாங்கல. உங்க கையால நாலு எழுத்து எழுதிக் குடுத்தீங்கன்னா தாயத்துக்குள்ள வச்சுக் கட்டிக்குவேன். உங்க கை ராசியான கை."

சொல்லி முடிப்பதற்குள் ஒரு செருப்பு காதை உரசிக்கொண்டு போனது.

"கிண்டலா பண்றே? எங்கப்பா எனக்குக் குதிரை ஏறச் சொல்லிக் குடுத்தாரு. எழுத்தும் கிழுத்தும் எவளுக்கு வேணும்? அந்தச் சின்னவகிட்டப் போய்க் கேளு. வந்த நாள்லேருந்து கதவைச் சாத்திக்கிட்டு எலி மாதிரி கீறிக்கிட்டே கிடக்கிறா. இந்த வீட்டு ஆம்பளைக்கு அதுகூடத் தெரியாது."

மாபாராவுக்குக் காது அடைத்துக்கொண்டது. சின்னவளா? தன் மச்சத்தைத் தானே வைத்துக்கொண்டாளா?

"அவங்களை ஏன் பூட்டியிருக்காங்கன்னு தெரியுமாம்மா?"

"எனக்கு யாரு சொல்றா? சாவியை மட்டும் என்கிட்ட எறிஞ்சாங்க."

மாபாரா சொன்னாள். மச்சம், ஓவியன், முற்றத்து அடுப்பு, அஸர் பாங்கு, எல்லாவற்றையும். பெரிய பேகம் செர்பத் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு இடுப்பிலிருந்து சாவியை உருவினாள்.

"அவ வந்த அன்னிக்கும் எனக்கு அவளைப் பிடிக்கல. இன்னிக்கும் பிடிக்கல," என்றாள். "இந்தா, ஓடு."

தில்ஷாத் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்ததும் எழுந்தாள். சின்னப் பெண். இடது கண்ணுக்குக் கீழே அந்த மச்சம். வலது கை நடுவிரலில், நாணல் உரசி உரசிக் காய்த்துப்போன தடம்.

"ஷாவோட புத்தகத்தைக் கெடுத்துட்டேன்னு கோபமா இருக்காங்களா?" என்று கேட்டாள். "தெரியும். நான்தான் வச்சேன். மன்னிப்புக் கேட்டுக்கிறேன்னு சொல்லுங்க."

இவளுக்கு ஒன்றுமே தெரியாது! மாபாரா கிட்டே போய் அவள் கையைப் பிடித்தாள்.

"அம்மா, நீங்க வச்ச புள்ளிக்கு ஒருத்தன் கண்ணைக் குடுக்கப்போறான். அவன் உங்களைப் பார்த்துட்டான்னு நினைக்கிறாங்க. நீங்க அவனுக்குக் கதவைத் திறந்தீங்கன்னு நினைக்கிறாங்க."

தில்ஷாத்தின் முகம் வெளுத்துப்போனது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிடம்தான். பிறகு முக்காட்டை இழுத்து முகத்தை மூடினாள், பேனாவையும் மைக்கூட்டையும் எடுத்துக்கொண்டாள், மாபாராவுக்கு முன்னால் ஓடினாள்.

வாசலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கெய்வான் கத்தினான். "அக்கா! பெரிய பேகம் இல்ல! கான் நேத்தே புத்தகத்தைப் பார்த்திருந்தா நேத்தே கத்தியிருப்பாரே! 'அவங்க கேட்டாங்க'ன்னு மீர்சா சொன்னது கானை இல்ல, சின்ன பேகத்தை..."

"அவங்க முன்னாடிதான் நிக்கிறீங்க பேக். வழியை விடுங்க!"

சொராப் கான் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று முகமே சொன்னது. பூட்டிய அறைக்குள் இருக்க வேண்டிய மனைவி எதிரில் வந்து நிற்பதைப் பார்த்ததும் கை வாளுக்குப் போனது.

தில்ஷாத் தரையில் உட்கார்ந்தாள். கெய்வானின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கித் தரையில் விரித்தாள். பக்கத்தில் ஒரு வெற்றுக் காகிதத்தை வைத்தாள். பேனாவைத் தோய்த்து ஒரே ஒரு புள்ளி வைத்தாள்.

கெய்வான் படிகக் கல்லை நீட்டினான். "ரெண்டையும் பாருங்க கான். அதே நாலு முனை, அதே அளவு. ஓவியன் எந்த முகத்தையும் பார்க்கல. யாரும் எந்தக் கதவையும் திறக்கல. புத்தகம் நேத்து உள்ள வந்துச்சு, மச்சத்தோட வெளிய போச்சு. அவ்வளவுதான் நடந்தது."

கான் பார்த்தார். கல்லை நகர்த்தி மறுபடி பார்த்தார். அப்போதுதான் மசூதிப் பக்கமிருந்து அந்தக் குரல் எழும்பியது.

அஸர் பாங்கு.

கான் அலறியபடி எழுந்தார். "ஓடு! கெய்வான், ஓடு! மோதிரத்தைக் காட்டு!"

கெய்வான் செருப்பைக்கூட மாட்டவில்லை. அவன் காலடிச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்து மறைந்தது. கூடத்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள். பாங்கு நீண்டுகொண்டே போனது. மாபாரா தன்னையறியாமல் இரண்டு கைகளாலும் தன் கண்களைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன்?" என்றார் கான்.

"பக்கத்துக்குப் பக்கம் ஒரு பொண்ணு நிக்கிறா," என்றாள் தில்ஷாத். "எல்லாரும் அவளைத் தேடி அழறாங்க. ஆனா ஒருத்திக்கும் முகம் இல்ல. அச்சுல வார்த்த மாதிரி ஒரே நிலா. கடவுளுக்கு அது போதும். எனக்குப் போதல. இந்த வீட்டுல என்னை யார் பார்க்கிறா? நீங்க வந்ததுமே விளக்கை அணைச்சிடறாங்க. ஒரு புள்ளி வச்சா, என்னைக்காவது யாராவது, யாருன்னே தெரியாம, என்னைப் பார்த்துட்டுப் போவாங்கன்னு..."

"நீ எழுதுவியா?"

"எழுதுவேன்."

"எனக்குத் தெரியாதே."

"நீங்க கேட்டதில்ல."

பாங்கு நின்றது. சிறைக்கூடத்துப் பக்கமிருந்து பெரும் கூச்சல் ஒன்று எழுந்தது. அலறலா ஆரவாரமா, பிரிக்கத் தெரியவில்லை. யாரும் நகரவில்லை. பிறகு தாழ்வாரத்தில் காலடிகள். ஒரு ஆளுடையது அல்ல, இரண்டு.

கெய்வான் உள்ளே வந்தான். வலது உள்ளங்கை வெந்து தோல் சுருண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் யாத்கார், கூடத்து வெளிச்சத்துக்குக் கண்ணைக் கொட்டிக் கொட்டி விழித்தபடி.

"கம்பியை ஏன் கையால பிடிச்சீங்க?" மாபாராவின் குரல் உடைந்தது.

"மோதிரத்தைக் காட்ட நேரம் இல்லக்கா."

யாத்கார் மண்டியிட்டான். தலையைத் தூக்கவில்லை. கான் புத்தகத்தைக் காலால் அல்ல, கையால் அவன் பக்கம் தள்ளினார்.

"இந்தப் புள்ளியை எடுத்துட முடியுமா?"

யாத்கார் குனிந்து பார்த்தான். "சுரண்டினா முகமும் சேர்ந்து போயிடும் கான்."

"அப்ப விடு. ஷாவுக்கு வேற பக்கம் வரைஞ்சு குடு. இது இங்கயே இருக்கட்டும்." கான் மனைவியின் பக்கம் திரும்பினார். காலையிலிருந்து அவளுக்காக மனதில் என்ன தண்டனை வைத்திருந்தாரோ, அது அவர் முகத்தை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. "நீ எழுதினதை எல்லாம் எடுத்துட்டு வா. நான் பார்க்கணும்."

தில்ஷாத் பேனாவைத் துணியில் துடைத்தாள். மைக்கூட்டை மூடினாள்.

"இன்னிக்கு வேண்டாம்," என்றாள்.

ஷிராஸில் யாரும் சொராப் கானிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

தில்ஷாத் திரும்பி நடந்தாள். கான் எழுந்து நின்றார். அவள் உள்ளே போய், வாசல் திரை ஆடி அடங்கும்வரை அப்படியே நின்றார்.